எல்லாருக்கும் ஒரே பை

நவராத்திரி ஒன்பது நாளும் வீடு வீடாகப் போய் வந்தபின், விஜயதசமிக்கு மறுநாள் அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் குங்குமச் சிமிழ், அரை டஜன் சீப்பு, மூக்கு மட்டும் தெரிகிற கைக்கண்ணாடி, எந்தப் புடவைக்கும் சேராத ரவிக்கைத் துண்டு ஒரு கட்டு! ரவிக்கைத் துண்டின் சங்கதிதான் ஊரறிந்ததாயிற்றே. இந்த வருஷம் நாம் கீழ வீதியில் கொடுத்தது, ஊரையெல்லாம் வலம் வந்து, மூன்றாம் வருஷம் மேல வீதி வழியாக நம் கைக்கே வந்து சேரும். "அடடே, நம்ம பச்சை!" என்று அடையாளம் கண்டு சிரித்துக்கொள்வோம்.

சிரிக்க முடியாதது, இத்தனையையும் போட்டுக் கொடுக்கிற கவர்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை உபயோகித்துவிட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கமே ஆரம்பித்தது. அதற்கப்புறமும் கொலு வீடுகளில் கலர் கலராக, துணி மாதிரி ஒரு பை புழங்கியது. கண்ணுக்குத் துணி, நெருப்பில் காட்டினால் உருகும். பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் இழைதான் அது. வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துபோகும்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி பிறந்தது கிறிஸ்துமஸ் மூலமாக என்றால் நம்புவீர்களா?

நாங்கள் இருப்பது திருச்சியில். 2022 டிசம்பரில், என் மகளின் வகுப்பு ஆசிரியை ஒவ்வொரு குழந்தைக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பை கொடுத்து அனுப்பியிருந்தார். ஃபெல்ட் துணியில் கையால் தைத்தது. உள்ளே இரண்டு அச்சு முறுக்கு, ஒரு பிடி கலகலா. அச்சு முறுக்கு வாசலைத் தாண்டுவதற்குள் காலி. பையை மட்டும் மகள், "அப்பாயி, இந்தா, உனக்கு!" என்று என் மாமியார் மடியில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அந்த நாட்களில் அத்தை யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. அந்த வருஷம் தை மாதம்தான் மாமனார் காலமாகியிருந்தார். வேளைக்குச் சாப்பிடுவார், மாத்திரை போட்டுக்கொள்வார், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். முப்பது வருஷம் கால் மிஷினில் தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்தவர், உறை போட்டு மூடிய மிஷின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அந்தப் பையைக் கையில் எடுத்தார். உட்புறம் திருப்பினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"ஏம்மா, ஓரத்தை மடிக்காமலே விட்டிருக்காங்க. நூல் பிரியலையே?" என்றார்.

பல மாதங்களுக்குப் பிறகு அவராகக் கேட்ட முதல் கேள்வி அது!

நூல் எப்படிப் பிரியும்? ஃபெல்ட்டில் பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. அது நெய்த துணியே இல்லை. ஆட்டு ரோமத்தில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. வெந்நீரும் சோப்பும் விட்டு, அழுத்தித் தேய்த்து உருட்டினால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு, பிரிக்க முடியாத கெட்டிப் பாய் மாதிரி ஆகிவிடும். அதுதான் அசல் ஃபெல்ட். மத்திய ஆசியாவில் ஆடு மேய்த்தவர்கள் இதில் கூடாரமே போட்டுக்கொண்டார்கள். அல்தாய் மலைப் பக்கம் பனியில் உறைந்து கிடந்த கல்லறைகளில் 2,000 வருஷத்துக்கும் மேற்பட்ட ஃபெல்ட் விரிப்புகள் நிறம் மங்காமல் கிடைத்திருக்கின்றன. காஷ்மீரத்தில் 'நம்தா' என்று பூ வேலை செய்து தரையில் விரிக்கிறார்களே, அதுவும் இதே ஜாதிதான்.

நம் ஊர் பேன்ஸி ஸ்டோரில் ஏ4 காகித அளவில் கிடைக்கிற ஃபெல்ட் பெரும்பாலும் ஆட்டு ரோமம் இல்லை, பாலியஸ்டர். முள் வைத்த ஊசிகளால் குத்திக் குத்தி இழைகளைப் பின்னிவிடுகிறார்கள். ஆகவே, "இது சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று நான் மார்தட்ட மாட்டேன். ஆனால் ஒரு பை ஏழெட்டு வருஷம் உழைக்கும். யாருக்கும் தூக்கிப் போட மனசு வராது. அந்த மட்டில் லாபம். அப்படியும் வேண்டாம் என்பவர்கள் பழைய பட்டுப் புடவையின் முந்தானையிலோ, காடாத் துணியிலோ தைக்கலாம். ஓரத்தை மட்டும் அரை அங்குலம் மடித்துத் தைக்க வேண்டியிருக்கும்.

மறுநாளே தெப்பக்குளம் பக்கத்துக் கடையில் மஞ்சள், சிவப்பு, கிளிப்பச்சை என்று ஆறு தாள் வாங்கி வந்து அத்தை முன்னால் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் கத்திரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அத்தை கண்டுபிடித்த அளவு இதுதான். ஸ்கேலும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏ4 தாள் சுமாராக எட்டே கால் அங்குல அகலமும் பதினொன்றே முக்கால் அங்குல நீளமும் இருக்கும். அதை நீளவாக்கில் நாலு அங்குலம், நாலு அங்குலம் என்று இரண்டு பட்டையாக வெட்டுங்கள். ஒரு பட்டையை இரண்டாக மடித்தால் நாலு அங்குல அகலம், ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் ஒரு பை. அடியில் மடிப்பே இருப்பதால் அங்கே தையல் வேண்டாம். ஆக, ஒரு தாளுக்கு இரண்டு பை. மிஞ்சுகிற கால் அங்குலக் கீற்றையும் எறிந்துவிடாதீர்கள். சுருட்டி நடுவில் ஒரு தையல் போட்டால் சின்ன ரோஜா மொக்கு. பையின் முகப்பில் வைத்துத் தைக்கலாம்.

தைப்பதற்கு எம்ப்ராய்டரி நூல். அதில் ஆறு இழை இருக்கும். மூன்றைப் பிரித்து எடுத்துக்கொண்டால் போதும். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை முழம் நூல். இரண்டு ஓரத்திலும் பிளாங்கெட் தையல் போட வேண்டும். விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி ஊசியைக் குத்தி, விளிம்பில் நிற்கிற நூல் வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுப்பது. கால் அங்குலத்துக்கு ஒரு தையல். மஞ்சள் பைக்குச் சிவப்பு நூல், பச்சைக்கு மஞ்சள் நூல் என்று மாற்றிப் போட்டால் தையலே கரை போட்ட மாதிரி எடுப்பாகத் தெரியும். இது பிடிபடாதவர்கள் ஓட்டுத் தையலே போடலாம். ஒன்றும் குடி முழுகிவிடாது.

வாயைக் கட்டுவதற்கு, மேல் விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் கீழே, முன்பக்கம் நாலு, பின்பக்கம் நாலு சின்னக் கீறல் போடுங்கள். ஒரு முழ ரிப்பனை முன்பக்கத்து நடுவில் ஆரம்பித்து உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்று சுற்றிக் கோத்து வந்தால் இரண்டு நுனியும் முன்னாலேயே வந்து நிற்கும். இழுத்து ஒரு பூ முடிச்சு. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையின் அதே சூட்சுமம்தான். ஃபெல்ட் கனமாக இருப்பதால் மடித்துச் சுருக்குக் குழாய் தைக்க வராது. அதனால் இந்தக் கீறல்.

சில எச்சரிக்கை. பாலியஸ்டர் ஃபெல்ட்டின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், சுருண்டு ஒட்டிக்கொள்ளும். அழுக்கானால் குளிர்ந்த தண்ணீரில் லேசாக அலசி நிழலில் போடுங்கள். அசல் கம்பளி ஃபெல்ட் என்றால் வெந்நீரே கூடாது, சுருங்கிவிடும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கொடுக்கிற பையில் மணி, பட்டன் வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். ரிப்பனையும் ஒரு முழத்துக்கு மேல் நீளமாக விடாதீர்கள். குழந்தைகள் எதையும் கழுத்தில் மாட்டிப் பார்ப்பார்கள்.

தைப்பவர் விஷயத்துக்கும் வருகிறேன். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. விரல் மூட்டுகளிலும் வலி உண்டு. மெல்லிய துணியைவிடக் கனமான ஃபெல்ட்டைப் பிடிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. காது பெரிய ஊசி, ஊசி கோக்கிற சின்னக் கம்பி, பகல் வெளிச்சம், அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடந்துவிட்டு வருவது. இவ்வளவுதான் நான் செய்து கொடுத்த ஏற்பாடு. ஒரு நாளைக்கு இரண்டு பை. சித்திரை போய் ஆடி வருவதற்குள் மிஷின் பக்கத்து டிரங்குப் பெட்டி நிரம்ப ஆரம்பித்தது. அத்தையும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். மகளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். காலையில் தானாகவே காப்பி கேட்டார். மருந்து எதுவும் செய்யாததை அந்த மஞ்சள் துணி செய்தது என்று சொல்ல மாட்டேன். துக்கத்துக்கு அதன் காலம் ஆகத்தான் வேண்டும். ஆனால் கைக்கு வேலை இருந்தால் அந்தக் காலம் கொஞ்சம் நகர்கிறது.

மாமனாரின் வருஷத் திதி முடிந்துவிட்டதால் 2023 நவராத்திரிக்குக் கொலு வைக்கலாம் என்றாகியது. அக்டோபர் 14 மகாளய அமாவாசை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நவராத்திரி ஆரம்பம். பரணிலிருந்து பெட்டிகளை இறக்கியபோது அத்தை சொன்னார்:

"பொம்மை துடைச்சுத் தர்றேன், படி கட்டித் தர்றேன். சுண்டல் என் பொறுப்பு. ஆனா வெத்தலை பாக்கு கொடுக்கிற நேரத்துல நான் உள் ரூம்ல இருந்துக்கறேம்மா. நீ பார்த்துக்க."

ஏதோ உப்பு, புளி கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அந்தக் கொலுவை முப்பத்து நாலு வருஷம் வைத்தவர் அவர். செட்டியார் பொம்மையின் உடைந்த கையை ஒட்டியது அவர். இப்போது அந்தக் கூடத்தில் அவருக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. நம் எல்லாருக்குமே தெரிந்திருக்கிறது, இல்லையா?

என்ன வைத்துக் கொடுப்பது என்று உட்கார்ந்து பேசினோம். சுண்டலைப் பையில் போடுவதில்லை என்று முதலிலேயே முடிவு. தேங்காய் போட்ட சுண்டல் புழுக்கத்தில் இரண்டு மூன்று மணிக்கு மேல் தாங்காது. வந்தவர்களை உட்காரவைத்துத் தொன்னையில் சூடாகக் கொடுத்துவிடுவது. பைக்குள் கெட்டுப்போகாத பண்டம்: வேர்க்கடலை உருண்டை இரண்டு, எள்ளுருண்டை ஒன்று. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கறிவேப்பிலை போட்டு வறுத்த பொட்டுக்கடலை. ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு முழுக் கடலை ஆகாது, மூச்சுக் குழாயில் சிக்கும். அவர்களுக்குப் பொட்டுக்கடலை மாவுருண்டை. எல்லாவற்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி நூலால் கட்டினோம். செய்தித்தாளில் மடிக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், சகோதரிகளே! மையில் உள்ள ரசாயனங்கள் எண்ணெய்ப் பண்டத்தில் இறங்கும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம். பண்டத்தோடு வாய்க்குள் போய்விடும்.

மொத்தம் 32 தாள், 64 பை. அமாவாசைக்கு முதல் நாள் ராத்திரி கூடத்தில் பாயை விரித்து அத்தனையையும் வரிசையாக வைத்து நிரப்பினோம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமப் பொட்டலம், உருண்டைகள். அத்தை நிரப்பி முடிச்சுப் போடப் போட, நான் கூடையில் அடுக்கினேன். கடைசியில் பார்த்தால் ஐந்து பைகள் தனியாகச் சுவரோரம் இருந்தன.

"இது எதுக்கு அத்தை?"

"இதுல மஞ்சள் குங்குமம் வைக்கல. கோடி வீட்டு அம்மா, அவங்க நாத்தனார், நம்ம வீட்டு வேலைக்கு வர்ற அம்மா, அந்த டெய்லர் தங்கச்சி. இவங்களுக்குப் பின்பக்கமா கொடுத்து அனுப்பிடலாம்."

நாலு பேரைச் சொன்னார். ஐந்தாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

டெய்லர் தங்கைக்கு வயது இருபத்தொன்பது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் புருஷன் போய்விட்டான். அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

என் மகள் அந்த ஐந்து பைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். "இது மட்டும் ஏன் அப்பாயி ஒல்லியா இருக்கு? இவங்க நம்ம கூடச் சண்டையா?" என்றாள்.

அத்தை பதில் சொல்லவில்லை. ரிப்பனை இழுத்து இழுத்து நேர் பண்ணிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது தோன்றியதைச் சொன்னேன். "அத்தை, எல்லாப் பையிலேருந்தும் மஞ்சள் குங்குமத்தை எடுத்துடலாம். ஒரு பெரிய தாம்பாளத்துல கொட்டி, சந்தனக் கிண்ணத்தோட கொலு முன்னாடி வச்சிடறேன். வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும், பூசிக்கட்டும். பை எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும். வாயைக் கட்டிட்டா எது யாருக்குன்னு வித்தியாசமே தெரியாதே."

"ஊர்ல என்ன பேசுவாங்க?"

"சுண்டல்ல உப்பு கம்மின்னாலும் பேசத்தான் போறாங்க."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தாமலே, "எனக்கு ஒரு உருண்டை கிடைக்குமா?" என்றார். அதுதான் அவர் சம்மதம்.

மணி பதினொன்று ஆகியிருந்தது. அத்தை கொஞ்ச நேரம் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் பேசாமல் முதல் பையை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். ஐம்பத்தொன்பது முடிச்சு. நான் உதவிக்குப் போனபோது, "நீ போய்ப் படு, காலையில வேலை இருக்கு" என்று துரத்திவிட்டார். விடிந்து பார்த்தால் அறுபத்து நாலும் ஒரே கூடையில் கலந்து கிடந்தன. எது எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

எல்லாம் சுகமாக நடந்துவிட்டது என்று நான் கதை அளக்கப் போவதில்லை. மூன்றாம் நாள் வந்த சின்ன மாமியார் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "மஞ்சள் குங்குமம் இல்லாம வச்சுக் கொடுக்கிற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு?" என்றார். தாம்பாளத்தைக் காட்டினேன். குங்குமத்தை எடுத்து இட்டுக்கொண்டு, பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார். அத்தை அதை எடுத்து, பிரிக்காமல், கூடையிலேயே திரும்பப் போட்டார்.

டெய்லர் தங்கை ஐந்தாம் நாள் வந்தாள். குழந்தையை மட்டும் வாசற்படியில் இறக்கிவிட்டு, "அக்கா, பாப்பா பொம்மை பார்க்கணும்னு அழுதுச்சு" என்று வெளியிலேயே நின்றாள். நான் அழைப்பதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. அத்தை கூடத்துக்கு வந்து, கூடையிலிருந்து கைக்கு அகப்பட்ட ஒரு பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போனார்.

"பாப்பா மட்டும் பார்த்தா போதுமா? நீ வந்து உட்காரு. சுண்டல் சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார்.

அந்தப் பெண் உள்ளே வந்து உட்கார்ந்தாள். கூடத்தில் இருந்த நாலு பேரில் இரண்டு பேர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தர் எழுந்து போய்விட்டார். ஒருத்தர், "பாப்பாவுக்கு எத்தனை பல்லு முளைச்சிருக்கு?" என்று கேட்டுக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். நடந்தது இவ்வளவுதான்.

ஆறாம் நாளிலிருந்து அத்தை உள் ரூமுக்குப் போகவில்லை. அவர் கையால் பை வாங்காமல், "நீங்க கொடுங்கம்மா" என்று என் பக்கம் திரும்பியவர்கள் உண்டு. மறு வருஷம் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வராத குடும்பமும் ஒன்று உண்டு. அத்தைக்கு அது வருத்தம்தான். அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாண ரவிக்கையைத் தைத்ததே அவர்தான்.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன், "உங்களுக்கு மனசுக்கு ஒப்பித்தான் செய்யறீங்களா அத்தை? எனக்காகச் செய்ய வேண்டாம்."

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "நான் பொட்டு வச்சுக்கல. எனக்கு வேணும்னு தோணல, அவரோட போச்சு. அது என் இஷ்டம். ஆனா அந்தப் பொண்ணு வாசல்ல நின்னுச்சு பாரு, அது யாரோட இஷ்டம்?"

அதற்குமேல் நான் என்ன சொல்ல?

விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று நம் நாட்டில் சட்டம் வந்தது 1856-ல். சிறு வயதிலேயே விதவையாகி, 1911-ல் சென்னையில் பட்டதாரியான சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு தங்கவும் படிக்கவும் வைத்தார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில், இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அந்தப் பெண்கள் படித்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். சட்டமும் படிப்பும் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே வந்தாயிற்று. நம் வீட்டு வெற்றிலைத் தட்டு வரைக்கும் அவை வந்து சேரவில்லை. அந்தக் கடைசி நாலடி தூரத்தைக் கடப்பது அரசாங்கத்தின் வேலை இல்லை. தட்டைக் கையில் வைத்திருக்கிற நம்முடைய வேலை.

"சம்பிரதாயத்தை விட்டுவிடச் சொல்கிறாயா?" என்று சிலர் கேட்கலாம். நான் எதையும் விடவில்லை. எங்கள் வீட்டில் மஞ்சளும் உண்டு, குங்குமமும் உண்டு, வெற்றிலை பாக்கும் உண்டு. மங்கலப் பொருள்களைத் தட்டில் வைத்திருக்கிறேன், விருந்தைப் பையில் வைத்திருக்கிறேன். அவ்வளவே வித்தியாசம். வீட்டுக்கு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதும் நம் சம்பிரதாயம்தானே!

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆசிரியைக்கு நன்றியாக, 2023 கிறிஸ்துமஸுக்கு அத்தை பன்னிரண்டு சிவப்புப் பை தைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு மேலப்புதூர்ப் பக்கம் இரண்டு வீட்டுக்காரர்கள் நாற்பது பை கேட்டார்கள். அத்தை டெய்லர் தங்கையைக் கூப்பிட்டு, மிஷினின் உறையை எடுத்தார். பெரிய பைகளை மிஷினில் அவள் தைக்க, கைத்தையல் அத்தை. அச்சு முறுக்கு நொறுங்காமல் இருக்க அடியில் வட்டமாக ஓர் அட்டை வைப்பது அவள் யோசனை. காசு அவளுக்கு, "எனக்குப் பொழுது போச்சே, போதும்" என்பது அத்தையின் பங்கு.

நீங்களும் தைத்துப் பாருங்கள். நவராத்திரிக்கானாலும் சரி, தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஆனாலும் சரி, இரண்டு மாதம் முன்னால் ஆரம்பித்தால் அவசரம் இருக்காது. பெரியவர்களிடம் கொடுங்கள், குழந்தைகளையும் கூட உட்காரவையுங்கள். தாள் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் எத்தனை பை வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அப்போது மட்டும் இதை ஞாபகம் வையுங்கள்: தெருவில் எத்தனை வீடு என்று எண்ணாதீர்கள். எத்தனை பெண்கள் என்று எண்ணுங்கள்.